பார்ட்னரின் தயக்கமும் தவறான விளக்கமும்: பிரிட்ஜ் போட்டியில் யூஐ-யைக் கையாளும் முழுமையான வழிகாட்டி

டூப்ளிகேட் பிரிட்ஜுக்கு (ஒரே சீட்டுகளைப் பல மேஜைகளில் ஆடி ஸ்கோரை ஒப்பிடும் போட்டிக்கு) புதிதாக வருபவர்கள் ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர், பிளாக்வுட் போன்ற கன்வென்ஷன்கள் (ஏல உத்திகள்) எல்லாவற்றையும் சில மாதங்களில் பிடித்துக்கொள்கிறார்கள். தடுமாறுவது வேறு இடத்தில். பார்ட்னர் நெடுநேரம் யோசித்துவிட்டு பாஸ் வைக்கிறார். அல்லது உங்கள் பிட்டுக்கு (ஏலத்தில் சொன்னதற்கு) நீங்கள் நினைக்காத ஒரு அர்த்தத்தை எதிரணியிடம் சொல்கிறார். அடுத்து உங்கள் முறை. பலர் இந்த இடத்தில் பார்ட்னரைக் காப்பாற்றப் பார்த்து விதியை மீறிவிடுகிறார்கள். இன்னும் சிலர் பயந்துபோய், அந்தக் கையோடு யாருமே வைக்காத பாஸை வைத்துவிட்டு மோசமான ஸ்கோரோடு எழுந்திருக்கிறார்கள்.

பார்ட்னரின் பிட்டிலிருந்தோ ஆட்டத்திலிருந்தோ வராமல், அவருடைய நடத்தையிலிருந்து உங்களுக்கு வந்து சேரும் செய்திதான் அனுமதியில்லாத தகவல். போட்டியில் தீர்ப்பு சொல்லும் டைரக்டர்கள் சுருக்கமாக யூஐ (unauthorized information) என்பார்கள். கீழே உள்ளவை 2017-ஆம் ஆண்டு டூப்ளிகேட் பிரிட்ஜ் விதிகளை வைத்து எழுதியவை. ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். யோசிப்பது குற்றமில்லை, சிஸ்டத்தை (பேசிவைத்த பிட் முறையை) மறப்பதும் குற்றமில்லை. அவற்றால் கசிந்த தகவலைப் பார்ட்னர் பயன்படுத்திக்கொள்வதுதான் மீறல்.

1. மேஜைக்குப் போகும் முன்: கார்டை நிரப்புங்கள், பேசி முடியுங்கள்

இருவரும் ஆளுக்கொரு கன்வென்ஷன் கார்டு, அதாவது எந்தப் பிட்டுக்கு என்ன அர்த்தம் என்ற பட்டியல், எழுதுங்கள். இரண்டிலும் ஒரே விஷயம் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் எழுதி இன்னொருவர் தலையாட்டுவது போதாது. எழுதும்போதுதான் “இதுக்கு நாம என்ன வச்சிருக்கோம்?” என்ற கேள்வி வரும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் பிட்டும் பார்ட்னரின் விளக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால், எதிர்ச் சான்று இல்லாதவரை விளக்கம்தான் தவறு என்று டைரக்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். விதி 21 அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சான்றாகக் காட்ட உங்களிடம் இருப்பது பெரும்பாலும் கார்டு ஒன்றுதான். “நாங்க டிரான்ஸ்ஃபர்தான் ஆடறோம், நான் மறந்துட்டேன்” என்று வாயால் சொல்வதைவிட கார்டில் இருக்கும் ஒரு வரி வலுவானது.

பேசிவைக்க வேண்டியவை பெரும்பாலும் எதிரணி குறுக்கே வரும் இடங்கள்தான். நீங்கள் ஒரு நோட்ரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) என்று ஏலத்தைத் திறந்து எதிரணி டபுள் போட்டால் டிரான்ஸ்ஃபர் (ஒரு சூட்டைச் சொல்லி அடுத்த சூட்டைக் காட்டும் பிட்) தொடருமா? அவர்கள் இரண்டு கிளப் சொன்னால் உங்கள் டபுள் ஸ்டேமனா (ஸ்பேட், ஹார்ட் என்ற மேஜர் சூட் இருக்கிறதா என்று கேட்பதா), பெனால்டியா (அவர்களைத் தண்டிப்பதா)? அவர்களுடைய ஒரு நோட்ரம்ப்புக்கு எதிராக உங்கள் இரண்டு கிளப் கிளப்பைக் காட்டுகிறதா, லேண்டி முறையில் இரண்டு மேஜர்களையும் காட்டுகிறதா? எதிரணி திறந்த சூட்டையே நீங்கள் பிட் செய்தால் எந்த இரண்டு சூட்? நான்கு நோட்ரம்ப் எப்போது பிளாக்வுட் (ஏஸ்களின் எண்ணிக்கையைக் கேட்பது), எப்போது கையின் பலத்தின் அளவு கேட்கும் பிட்? நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பகுதி இந்த ஐந்தாறு இடங்களில்தான் வெடித்தது. ஒரு கன்வென்ஷனை இருவருக்கும் பாதிதான் நினைவிருக்கிறது என்றால் அதைக் கார்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அதனால் கிடைக்கும் லாபத்தைவிட குழப்பத்தில் போகும் போர்டுகள் (ஆட்டங்கள்) அதிகம்.

எதை அலர்ட் செய்ய வேண்டும் (பார்ட்னரின் பிட்டுக்குத் தனி அர்த்தம் உண்டு என்று எதிரணிக்கு உணர்த்த வேண்டும்), எதை வாயால் அறிவிக்க வேண்டும் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். நடத்துபவர்கள் தரும் நிபந்தனைகளை முன்கூட்டியே படியுங்கள். “எங்க கிளப்ல இதுக்கு அலர்ட் கிடையாது” என்பது வேறு ஊரில் பதிலாகாது.

நம் ஆட்டக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. வெளிமாநிலப் போட்டிகளில் எதிரணிக்குத் தமிழ் தெரியாது. போர்டு நடக்கும்போது பார்ட்னரிடம் தமிழில் ஒரு வார்த்தைகூட வேண்டாம். நீங்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசியிருக்கலாம், அவர்களுக்கு அது தெரியாது. சந்தேகம் வந்தால் அவர்கள் மீது தப்பில்லை.

2. எது உங்களுக்குச் சொந்தமான தகவல், எது இல்லை

பயன்படுத்தக்கூடியவை: சட்டப்படி நடந்த பிட்டுகள், விளையாடப்பட்ட சீட்டுகள், உங்கள் கையில் இருப்பவை, உட்காரும் முன் உங்களுக்குத் தெரிந்திருந்தவை. எதிரணியின் தயக்கத்தையும் நீங்கள் கவனிக்கலாம். ஆனால் அதை வைத்து ஊகித்துத் தவறாகப் போனால் அந்தப் பொறுப்பு உங்களுடையது.

பயன்படுத்தக்கூடாதவை: பார்ட்னரின் நீண்ட யோசனை, வழக்கத்துக்கு மாறான வேகம், குரலின் அழுத்தம், பெருமூச்சு, பிட்டிங் பாக்ஸில் (பிட் அட்டைகள் உள்ள பெட்டியில்) ஒரு அட்டையைத் தொட்டுவிட்டு வேறொன்றை எடுத்தது, அவர் கேட்ட கேள்வி, எதிரணிக்கு அவர் சொன்ன பதில். இவையெல்லாம் எளிதில் புரிந்துவிடும். புதியவர்கள் விட்டுவிடுவது வேறு இரண்டு: எதிர்பாராத அலர்ட், எதிர்பார்த்தும் வராத அலர்ட். நீங்கள் இயல்பான பிட் என்று நினைத்துச் சொன்னதைப் பார்ட்னர் அலர்ட் செய்கிறார் என்றால், அவர் அதை வேறாகப் புரிந்துகொண்டார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பார்ட்னருடைய விளக்கம் எதிரணிக்கானது. அதைக் காதால் கேட்டாலும் பிட்டிங்கில் நீங்கள் கேட்காதவர் போலத்தான் நடக்க வேண்டும்.

பக்கத்து மேஜையில் யாராவது “இந்த போர்டுல ஸ்லாம் வருது” (பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பிடிகளும் எடுக்கலாம்) என்று சொல்லி உங்கள் காதில் விழுந்தால், அது வேறு வகை. கேட்டதை மேஜையில் சொல்லாமல் உடனே டைரக்டரை அழைத்து, அவரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள்.

3. நீங்கள் கசியவிடாமல் இருக்க: வேகமும் முகமும்

வேகமான ஆட்டக்காரரைவிட ஒரே சீரான வேகத்தில் ஆடுபவருக்குத்தான் பிரச்சினை குறைவு. எல்லாப் பிட்டுகளுக்கும் இரண்டு மூன்று வினாடி எடுத்துக்கொள்ளப் பழகுங்கள். கையில் ஒன்றும் இல்லாதபோது உடனே பாஸ் அட்டையை வீசுகிறவர், கொஞ்சம் சீட்டு இருக்கும்போது இயல்பாக நான்கு வினாடி எடுத்தாலே அது தயக்கமாகத் தெரியும்.

எதிரணி படி தாண்டித் தாவிப் பிட் செய்தால், நிறுத்தச் சொல்லும் ஸ்டாப் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுமார் பத்து வினாடி நிறுத்துங்கள். மூன்று ஸ்பேட் திறப்புக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவருக்கு யோசிக்க நேரம் தேவை. எல்லோரும் எல்லாக் கையிலும் பத்து வினாடி எடுத்தால், உண்மையாகவே யோசித்தவர் யார் என்று தெரியாது. அந்த நேரத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பயனில்லை. கையைப் பார்த்து யோசிப்பவராகவே இருங்கள்.

என்ன பிட் என்று முடிவு செய்யும்வரை பாக்ஸ் பக்கம் விரல் போகக்கூடாது. புதியவர்கள் மிக அதிகமாகச் செய்யும் பிழை இது. பாஸ் அட்டையைத் தொட்டு, விட்டு, பிட் அட்டைகளை நகர்த்தி, கடைசியில் பாஸ் எடுத்தால், “எனக்குப் பிட் செய்ய ஆசை, ஆனால் கொஞ்சம் குறைகிறது” என்று பார்ட்னருக்குச் சொன்னதாகிவிடும்.

யோசிக்க வேண்டிய இடத்தில் யோசியுங்கள். ஆனால் யோசித்தபின் பாஸ் வைப்பதும் டபுள் போடுவதும் பார்ட்னரின் கையைக் கட்டிவிடும் என்பது நினைவிருக்கட்டும். அதனால் ஏலம் உயரும்போது அடுத்த சுற்றுக்கும் சேர்த்து முன்பே யோசித்து வையுங்கள். “அவர்கள் மூன்று ஹார்ட் போனால் நான் என்ன செய்வேன்?” என்பதை இரண்டு ஸ்பேட் வைக்கும் முன்பே முடிவு செய்துவிட்டால், நேரம் வரும்போது தயக்கம் வராது.

4. கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும்

உங்கள் முறை வரும்போது மட்டும் கேளுங்கள். பதில் உங்கள் அடுத்த பிட்டை மாற்றும் என்றால் கேளுங்கள். மாற்றாது என்றால் ஏலம் முடிந்தபின் கேட்கலாம். குறிப்பிட்ட ஒரு பிட்டைச் சுட்டி “அந்த மூன்று கிளப் என்ன?” என்று கேட்டுவிட்டு பாஸ் வைத்தால், உங்களிடம் கிளப் இருக்கிறது என்று பார்ட்னர் நினைக்க இடமுண்டு. முழு ஏலத்தையும் விளக்கச் சொல்வது பாதுகாப்பு. உங்களுக்குப் பதில் தெரிந்தும் பார்ட்னருக்குத் தெரியட்டும் என்று கேட்பது விதிப்படி தவறு.

முதல் லீடை, அதாவது ஆட்டத்தின் முதல் சீட்டை, கவிழ்த்து வையுங்கள். விதி அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லீட் செய்பவரின் பார்ட்னர் கேள்வி கேட்பது லீட் முடிவான பிறகுதான் நடக்க வேண்டும். இல்லையென்றால் அவர் எந்த சூட்டைப் பற்றிக் கேட்கிறாரோ அதுவே லீடுக்கான குறிப்பாகிவிடும். லீடைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “கேள்வி இருக்கா?” என்று பார்ட்னரைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். அவர் இல்லை என்றபின் திருப்புங்கள்.

பதில் சொல்லும்போது உங்கள் கையைப் பார்த்து விளக்காதீர்கள். “ஹார்ட் டிரான்ஸ்ஃபர்னு நினைக்கறேன், ஆனா என் கையைப் பார்த்தா டைமண்டா இருக்கலாம்” என்பது எதிரணிக்கும் பயன்படாது, பார்ட்னருக்கு உங்கள் கையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒப்பந்தம் இருந்தால் ஒப்பந்தத்தைச் சொல்லுங்கள். இல்லையென்றால் “இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை” என்று நிறுத்துங்கள். இதே மாதிரி இடத்தில் இருவருக்கும் முன் அனுபவம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறந்துபோய்விட்டது என்றால் டைரக்டரை அழையுங்கள். என்ன செய்வது என்று அவர் பார்த்துக்கொள்வார்.

5. தகவல் வந்து சேர்ந்துவிட்டது: யோசிக்கும் வரிசை

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். வரிசை மாறினால் முடிவும் மாறிவிடும். “எது நல்ல பிட்?” என்று ஆரம்பித்தால், யூஐ கலந்த மனதுதான் அதற்குப் பதில் சொல்லும்.

முதலில், பார்ட்னர் சாதாரண வேகத்தில், முகத்தில் எதுவும் காட்டாமல் அதே பிட்டைச் செய்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் இருவருக்கும் நடுவே ஒரு திரை. அலர்ட்டும் விளக்கமும் அந்தப் பக்கம் நடக்கின்றன, உங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அப்போது இந்த ஏலம் என்ன சொல்கிறது?

அடுத்து, உங்கள் தரத்தில், உங்கள் சிஸ்டத்தை ஆடுபவர்கள் இந்தக் கையோடு எந்தெந்தப் பிட்டுகளைத் தீவிரமாக யோசிப்பார்கள்? அவர்களில் சிலராவது உண்மையில் தேர்ந்தெடுப்பார்கள் என்றால் அது நியாயமான மாற்று. விதி 16-இன் அளவுகோல் இதுதான். “நான் என்ன செய்வேன்” என்று மட்டும் பார்ப்பது போதாது.

மூன்றாவதாக, அந்த மாற்றுகளில் பார்ட்னரின் தயக்கமோ விளக்கமோ எதை நோக்கி விரல் நீட்டுகிறது? அதை விலக்கிவிட்டு, மீதியில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதலிலிருந்தே ஒரே ஒரு பிட்தான் இருந்தது என்றால் பயப்படாமல் அதைச் சொல்லுங்கள்.

ஒரு கையை வைத்துப் பார்ப்போம். பார்ட்னர் ஒரு ஸ்பேட் திறக்கிறார். நீங்கள் இரண்டு ஸ்பேட். எதிரணி மூன்று ஹார்ட். பார்ட்னர் நெடுநேரம் யோசித்து பாஸ். அடுத்தவரும் பாஸ். உங்கள் கை: ஸ்பேட் ராஜா, எட்டு, நான்கு, ஹார்ட் ஒன்பது, ஆறு, ஐந்து, டைமண்ட் ஏஸ், ஏழு, மூன்று, இரண்டு, கிளப் பத்து, எட்டு, நான்கு. உங்கள் இரண்டு ஸ்பேட்டிலேயே இந்தக் கையின் கதை முழுவதும் சொல்லியாகிவிட்டது. தயக்கம் இல்லாவிட்டால் பெரும்பாலோர் பாஸ் வைப்பார்கள். பார்ட்னரின் யோசனை அவரிடம் கூடுதல் பலம் இருப்பதைச் சொல்கிறது, அது மூன்று ஸ்பேட் பக்கம் தள்ளுகிறது. ஆகவே நீங்கள் பாஸ் வைக்க வேண்டும்.

இப்போது கையை மாற்றுங்கள்: ஸ்பேட் ராஜா, பத்து, எட்டு, நான்கு, ஹார்ட் ஐந்து மட்டும், டைமண்ட் ஏஸ், ஏழு, மூன்று, இரண்டு, கிளப் பத்து, எட்டு, நான்கு, இரண்டு. நான்கு துருப்பு, ஹார்ட்டில் ஒற்றைச் சீட்டு. பார்ட்னர் எந்த வேகத்தில் பாஸ் வைத்திருந்தாலும் மூன்று ஸ்பேட் சொல்லும் கை இது. சொல்லுங்கள். டைரக்டர் வந்தாலும் கவலை இல்லை. மோசமான பிட்டைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று விதி கேட்கவில்லை.

ஸ்லாம் ஏலத்தில் அடிக்கடி வருவது இது: பார்ட்னர் நான்கு நோட்ரம்ப் கேட்டு, உங்கள் பதிலைப் பார்த்து, நீண்ட யோசனைக்குப் பின் ஐந்து ஸ்பேட்டில் நிறுத்துகிறார். எண்ணிக்கையைக் கேட்டவர் அவர், நீங்கள் சொல்லிவிட்டீர்கள், முடிவெடுப்பவரும் அவரே. அவரது தயக்கத்தைப் பார்த்து ஆறுக்குப் போவது அப்பட்டமான மீறல். ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பதில் “பூஜ்யம் அல்லது மூன்று” என்ற இரட்டை அர்த்தமுள்ளதாக இருந்து, உங்களிடம் மூன்று இருந்தால், பூஜ்யம் என்று எண்ணி அவர் நின்றிருக்கலாம். மேலே போவதுதான் சிஸ்டம். தயங்காமல் நின்றிருந்தாலும் போயிருப்பீர்கள்.

எல்லாத் தயக்கமும் ஒரே திசையைக் காட்டுவதில்லை. ஒரு ஸ்பேட்டுக்கு யோசித்து மூன்று ஸ்பேட் (நான்குக்கு அழைக்கும் பிட்) வைத்தவர், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே யோசித்தாரா, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே யோசித்தாரா என்று உங்களுக்குத் தெரியாது. திசை தெரியவில்லை என்றால் உங்களைத் தடுப்பதற்கும் ஒன்றுமில்லை. மெதுவாக வந்த பெனால்டி டபுள் அப்படியல்ல. உறுதியில்லை என்று அது சொல்கிறது, அதை எடுத்துவிட்டு ஓடுவதைத்தான் சுட்டுகிறது. அங்கே பாஸ் வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

6. பிட்டும் விளக்கமும் மோதும்போது

பார்ட்னர் ஒரு நோட்ரம்ப் திறக்கிறார், 15 முதல் 17 பாயிண்ட். உங்கள் கை: ஸ்பேட் எட்டு, மூன்று, ஹார்ட் ஏழு, இரண்டு, டைமண்ட் ராணி, ஜாக், பத்து, எட்டு, ஆறு, நான்கு, கிளப் ஜாக், ஐந்து, இரண்டு. பலவீனமான கை, டைமண்டில் நின்றுவிடலாம் என்று இரண்டு டைமண்ட் வைக்கிறீர்கள். பார்ட்னர் எதிரணியிடம் “ஹார்ட் டிரான்ஸ்ஃபர்” என்று சொல்லிவிட்டு இரண்டு ஹார்ட் வைக்கிறார்.

நெஞ்சு படபடக்கும். முதல் வேலை, முகத்தை அசைக்காமல் இருப்பது. நீங்கள் முகம் சுளித்தால் இப்போது பார்ட்னரிடமும் யூஐ வந்துவிடும், இருவரும் கட்டப்பட்டுவிடுவீர்கள்.

அடுத்து திரையை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கம் கேட்கவில்லை என்றால் உங்கள் மனதில் இருந்தது என்ன? “நான் இரண்டு டைமண்டில் நில் என்றேன். பார்ட்னர் அதையும் மீறி இரண்டு ஹார்ட் சொல்கிறார். நல்ல நீளமான ஹார்ட் வைத்திருக்கிறார் போல.” இந்தக் கையோடு பாஸ் நியாயமான மாற்று. மூன்று டைமண்ட்டுக்கு ஓடத் தூண்டுவது விளக்கம்தான். ஆகவே பாஸ். இரண்டு ஹார்ட்டில் இரண்டு துருப்போடு உங்கள் கையை டம்மியாக மேஜையில் விரிக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை, விரியுங்கள்.

“எனக்கே ஞாபகம் வந்துடுச்சு, விளக்கத்தால இல்லை” என்று பலர் வாதிடுவார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உங்களை எழுப்பியது எது என்பதை யாராலும் பார்க்க முடியாது, அதனால் விளக்கம்தான் எழுப்பியது என்று டைரக்டர் எடுத்துக்கொள்வார். பார்ட்னரின் பிட்டே உங்கள் நினைப்பில் சாத்தியமில்லாததாக இருந்தால் கதை வேறு. பிட் என்பது அனுமதியுள்ள தகவல், திரைக்குப் பின்னாலும் அது உங்களை எழுப்பியிருக்கும். ஆனால் வேறு ஏதாவது ஒரு அர்த்தம் அதற்கு ஒட்டுமா என்று நேர்மையாகத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டும்.

அலர்ட் வராதபோதும் இதே கணக்குதான். எதிரணியின் ஒரு நோட்ரம்ப்புக்கு மேல் லேண்டி இரண்டு கிளப் வைக்கிறீர்கள், பார்ட்னர் அலர்ட் செய்யவில்லை. அவர் இரண்டு டைமண்ட் சொல்கிறார். அவரிடம் டைமண்ட்தான் இருக்கிறது என்று உங்களுக்கு இப்போது தெரியும். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் அந்த இரண்டு டைமண்ட் “எந்த மேஜர் நீளம்?” என்ற கேள்வி என்றால், நீங்கள் நீளமான மேஜரைச் சொல்லியாக வேண்டும்.

இனி யார் எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்பது. முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: தவறியது விளக்கமா, என் பிட்டா?

கார்டில் டிரான்ஸ்ஃபர் என்று இருக்கிறது, மறந்தது நீங்கள் என்றால், பார்ட்னரின் விளக்கம் சரி. எதிரணிக்கு உரிமை உள்ளது உங்கள் ஒப்பந்தத்தின் மீது, உங்கள் பதின்மூன்று சீட்டின் மீது அல்ல. திருத்த எதுவுமில்லை, எதுவும் சொல்லாதீர்கள். அவர்கள் அதனால் மோசமான ஸ்கோர் எடுத்தாலும் விளக்கத்துக்காக நிவாரணம் கிடையாது. “ஐயோ, நான் மறந்துட்டேன்” என்று ஏலத்தின் நடுவே சொல்லும் நல்ல மனதுக்காரர்கள் நிறைய பேர். அது பார்ட்னருக்கு யூஐ கொடுத்துச் சிக்கலைப் பெரிதாக்கும்.

ஒப்பந்தம் இயல்பான இரண்டு டைமண்ட்தான், மறந்தது பார்ட்னர் என்றால், விளக்கம் தவறு. ஏலம் முடியும்வரை நீங்கள் திருத்தக்கூடாது, சாடையாகக்கூடக் காட்டக்கூடாது. ஏலம் முடிந்தபின் உங்கள் பக்கம் டிக்ளேரர் (ஏலத்தை வென்று ஆடுபவர்), டம்மி என்றால், முதல் லீடுக்கு முன் டைரக்டரை அழைத்து “என் கருத்தில் விளக்கம் தவறு” என்று சொல்ல வேண்டும். கடைசி பாஸை மாற்றவோ கவிழ்த்து வைத்த லீடை எடுக்கவோ எதிரணிக்கு வாய்ப்பு கிடைப்பதற்காகத்தான் இந்த நேரம். உங்கள் பக்கம் டிஃபென்ஸ் (தடுத்து ஆடும் பக்கம்) என்றால் ஆட்டம் முடியும்வரை காத்திருங்கள். முன்பே சொன்னால் உங்கள் கையைப் பார்ட்னருக்குக் காட்டிவிடுவீர்கள். இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதுதான் நான் மிக அதிகம் பார்க்கும் தவறு: டம்மியாக இருப்பவர் ஆட்டம் முடியும்வரை வாய் மூடியிருப்பார், டிஃபெண்டர் உடனே கத்திவிடுவார்.

தவறாக விளக்கியது நீங்களே என்று உணர்ந்தால் விதி வேறு. முதல் லீட் திருப்பப்படும் முன் டைரக்டரை அழைத்துத் திருத்தியாக வேண்டும். அதற்கும் முன்பே அழைக்கலாம், கட்டாயமில்லை.

கை தவறி வேறு அட்டையை எடுத்துவிட்டால் அது வேறு சங்கதி. ஒரு ஸ்பேட் எடுக்கப் போய் பக்கத்து அட்டை வந்துவிட்டது என்றால் டைரக்டரை அழையுங்கள். பார்ட்னர் இன்னும் பிட் செய்யவில்லை, யோசிக்காமல் உடனே திருத்துகிறீர்கள் என்றால் அனுமதிப்பார். பார்ட்னரின் அலர்ட்டைக் கேட்டுத்தான் கண்ணில் பட்டது என்றாலும் பரவாயில்லை. மனதில் நினைத்ததையே வைத்துவிட்டு, பிறகு “அது இல்லை” என்று தோன்றினால் அது கைத்தவறு இல்லை, பிட் நிற்கும்.

7. எதிரணியின் தயக்கத்தால் நீங்கள் பாதிக்கப்பட்டால்

தயக்கம் நடந்தவுடன், குற்றம் சாட்டாமல், “கொஞ்சம் நேரம் எடுத்துக்கிட்டாங்க, ஒத்துக்கறீங்களா சார்?” என்று கேளுங்கள். அவர்கள் ஒத்துக்கொண்டால் அவ்வளவுதான், ஆட்டத்தைத் தொடருங்கள். மறுத்தால் அப்போதே டைரக்டரை அழையுங்கள். பத்து நிமிடம் கழித்து யார் எவ்வளவு நேரம் யோசித்தார் என்பதை நிரூபிக்க முடியாது. உண்மையைப் பதிவு செய்வதே இந்தக் கட்டத்தின் நோக்கம்.

ஆட்டம் முடிந்து, தயங்கியவரின் பார்ட்னர் கையைப் பார்த்தபின் சந்தேகம் இருந்தால் டைரக்டரை அழையுங்கள். “இவங்க ஏமாத்தறாங்க” என்ற சொல்லே வரக்கூடாது. “தயக்கத்துக்குப் பின் இந்தப் பிட் வந்தது, பார்த்துச் சொல்லுங்கள்” என்பது போதும். அழைக்கப்படும் பக்கத்தில் நீங்கள் இருந்தாலும் கோபப்பட வேண்டியதில்லை. டைரக்டரை அழைப்பது ஸ்கோர் எழுதுவது போல வழக்கமான வேலை.

8. டைரக்டர் எப்படிப் பார்க்கிறார்

அவர் கேட்பவை: யூஐ இருந்ததா? நியாயமான மாற்று இருந்ததா? எடுத்த பிட்டை யூஐ சுட்டியதா? அதனால் எதிரணிக்கு நஷ்டமா? நான்குக்கும் ஆம் என்றால்தான் ஸ்கோர் மாறும்.

இரண்டாவது கேள்விக்காக அவர் உங்கள் தரத்தில் உள்ள சிலரிடம் கையைக் காட்டி, தயக்கத்தைச் சொல்லாமல், “என்ன பிட்? வேறு எதை யோசிப்பீர்கள்?” என்று கேட்பார். மேலே சொன்ன முதல் கையோடு நீங்கள் மூன்று ஸ்பேட் போய் 140 எடுத்திருந்தால், கேட்டவர்களில் பலர் பாஸ் என்பார்கள். மூன்று ஹார்ட்டில் எதிரணி ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்து, உதாரணத்துக்கு, 60 சதவீதம் அவர்களுக்கு 140, 40 சதவீதம் ஒன்று குறைந்து உங்களுக்கு 50 என்று கலந்து தரலாம். உங்கள் மூன்று ஸ்பேட் ஸ்கோருக்கு அந்தக் கலவையில் இடமில்லை. அப்பட்டமான மீறல் என்றால் தனியாக அபராதமும் உண்டு.

பாதிக்கப்பட்ட பக்கத்துக்கும் ஒரு எச்சரிக்கை. மீறலுக்குத் தொடர்பே இல்லாத மிகப் பெரிய தவறையோ சூதாட்டம் போன்ற பிட்டையோ நீங்கள் செய்திருந்தால், அதனால் வந்த நஷ்டம் திரும்பி வராது. டைரக்டர் வருவார் என்ற நம்பிக்கையில் இரட்டை வாய்ப்பு எடுக்காதீர்கள், ஒழுங்காக ஆடுங்கள்.

9. திரையிலும் ஆன்லைனிலும்

பெரிய போட்டிகளில் மேஜையின் குறுக்கே திரை இருக்கும். பார்ட்னர் தெரியமாட்டார், விளக்கங்களை எழுதிக் காட்டுவார்கள். பிட்டுகள் வைத்த தட்டு திரைக்குக் கீழே நகரும். தட்டு தாமதமானால் அந்தப் பக்கம் உள்ள இருவரில் யார் யோசித்தார் என்று உறுதியாகத் தெரியாது. அதைக் காக்க, யோசனை இல்லாதபோதும் சில சமயம் தட்டைக் கொஞ்சம் நிறுத்தி அனுப்புங்கள்.

ஆன்லைனில் உங்கள் பிட்டை நீங்களே அலர்ட் செய்வீர்கள், பார்ட்னருக்குத் தெரியாது. ஆறாம் பிரிவின் பாதி சிக்கல் மறைந்துவிடும். தயக்கம் மறையாது. இணையம் மெதுவானதா, பார்ட்னர் யோசித்தாரா என்று தெரியாவிட்டாலும் ஐந்தாம் பிரிவின் வரிசையையே பின்பற்றுங்கள். வாட்ஸ்அப்பை மூடி வையுங்கள்.

10. போர்டு முடிந்தபின்

குழப்பம் வந்த ஏலத்தை ஸ்கோர் தாளின் ஓரத்தில் குறித்துவையுங்கள். மேஜையில் விவாதம் வேண்டாம், அடுத்த போர்டு காத்திருக்கிறது. அப்புறம், சுற்று முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து, யார் மறந்தது என்று பார்க்காமல், இனி அந்தப் பிட்டுக்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்து, இரண்டு கார்டிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். தீர்ப்பு கேட்கவோ மேல்முறையீடு செய்யவோ நினைத்தால் கடிகாரத்தைப் பாருங்கள்: போட்டியில் வேறு நேரம் குறிப்பிடாவிட்டால், அதிகாரபூர்வ ஸ்கோர் வெளியான 30 நிமிடத்துக்குள் டைரக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.